குனியாமல் கூட்டுகிற கோழிக்கொட்டகை: எந்தக் கதவு, எந்தத் தரை?

புறக்கடையில் பத்துப் பதினைந்து நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் ஒரு கட்டத்தில் அலுத்துப்போய் விற்றுவிடுவதற்கு நோயும் கீரியும் மட்டும் காரணம் இல்லை. கூட்டிப் பெருக்க முடியாத கூண்டும் ஒரு காரணம். மூன்றடி உயரக் கூண்டுக்குள் தலையை விட்டு, ஒரு கையால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மூலையைச் சுரண்டுகிற வேலையை யாரும் தினமும் செய்ய மாட்டார்கள். இரண்டு நாளைக்கு ஒரு முறை என்பது வாரம் ஒரு முறையாகும். அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும்போதுதான் ஞாபகம் வரும்.

புதிதாகக் கட்டினாலும் இருப்பதை மாற்றினாலும் தீர்மானிக்க வேண்டியவை மூன்று: ஆள் எப்படி உள்ளே போவது, தரை என்ன, இரவில் விழுகிற எச்சம் எங்கே விழ வேண்டும். எல்லோரும் தரையில்தான் தொடங்குகிறார்கள். மூன்றாவதை முதலில் பார்த்தால் மற்ற இரண்டும் பாதி முடிந்துவிடும். ஒன்றரைக் கிலோ எடையுள்ள கோழி ஒரு நாளைக்குச் சுமார் 80 முதல் 100 கிராம் ஈர எச்சம் போடும்; ஏறக்குறைய பாதி, கம்பில் அடைந்திருக்கும் நேரத்தில் ஒரே இடத்தில் விழும். பதினைந்து கோழிக்கு அது ஒரு ராத்திரிக்கு 600 முதல் 750 கிராம், மாதத்துக்கு 20 கிலோ. இந்த 20 கிலோவைத் தரைக்குப் போகவிடாமல் பிடித்துவிட்டால் எந்தத் தரையாக இருந்தாலும் அதன் வேலை குறையும்.

கீழே சொல்லும் கணக்கெல்லாம் பதினைந்து கோழிக்கு. இரவுக் கொட்டகை 8 அடிக்கு 5 அடி, அதை ஒட்டி 15 அடிக்கு 10 அடி வலையடைத்த மேய்ச்சல் இடம்.

ஆள் நுழைவதா, கை நுழைவதா?

ஐந்தாறு கோழி வரைக்கும் ஆள் நுழையத் தேவையில்லை. தாழ்வான கூண்டே போதும். ஆனால் அதன் ஆழம் இரண்டரை அடியைத் தாண்டக் கூடாது. வெளியே நின்றபடி, சிறிய பிடி போட்ட சுரண்டியோடு கை சிரமமில்லாமல் எட்டுகிற தூரம் அவ்வளவுதான். நீளம் எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம்; ஆழம்தான் சிக்கல். நாற்றம் எப்போதும் கை எட்டாத பின்மூலையில்தான் தொடங்கும்.

இப்படிப்பட்ட கூண்டில் கூரையைத் தூக்குவதா, முன்பக்கத்தைத் திறப்பதா என்று கேட்டால், முன்பக்கம்தான். கூரையில் கீல் வைத்துத் தூக்குகிற அமைப்பு படத்தில் அழகாக இருக்கும். ஆனால் தகரக் கூரையைத் தூக்கி முட்டுக்கொடுத்துவிட்டு உள்ளே கையை விட்டிருக்கும்போது ஆடிக்காற்று ஒரு தள்ளு தள்ளினால் போதும், விரல் போய்விடும். கீல் இருக்கிற விளிம்பில் மழையும் ஒழுகும். முன்பக்கச் சுவர் முழுவதையும் இரண்டு கதவாகப் போட்டு, நடுவில் நிற்கிற சட்டம் இல்லாமல் விட்டால் ஒரே இழுப்பில் எல்லாவற்றையும் வெளியே வாரிவிடலாம். நடுச்சட்டம் வைத்துவிட்டால் அதற்குப் பின்னால் ஒரு மூலை உண்டாகிவிடும்; அப்புறம் அந்த மூலைக்குத்தான் தினமும் வேலை.

எட்டுக் கோழிக்கு மேல் போனால் ஆள் நிமிர்ந்து நிற்கிற உயரம் வேண்டும். முன்பக்கம் 7 அடி, பின்பக்கம் ஐந்தரை அடி என்று கூரையைச் சாய்த்தால் நிற்கிற இடத்தில் தலை இடிக்காது, மழைநீரும் பின்னால் போய்விடும். இரும்புக் குழாயும் வலையும் கூடுதலாகச் செலவாகும் என்பது உண்மை. அந்தக் கூடுதல் செலவை மிச்சம் பிடிக்க நாலரை அடியில் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதுதான் இருப்பதிலேயே மோசமான உயரம். வெளியிலிருந்தும் எட்டாது, உள்ளே போனால் முதுகும் நிமிராது.

கதவு எவ்வளவு அகலம் என்பதை உங்கள் உடம்பை வைத்து முடிவு செய்யாதீர்கள். இடுப்பில் பாண்டுச் சட்டியோ அன்னக்கூடையோ வைத்துக்கொண்டு நேராக நடந்து வெளியே வர இரண்டரை அடி வேண்டும். தள்ளுவண்டி உபயோகித்தால் மூன்றடி. கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உட்பக்கம் திறந்தால் கோழி வெளியே ஓடாது என்று சொல்வார்கள். சரிதான், ஆனால் தரையில் பரப்புகிற உமி சேர்ந்த பிறகு உட்பக்கக் கதவு பாதிதான் திறக்கும். கோழி ஓடுவதைத் தடுக்க வாசலில் ஒன்பது அங்குல உயரப் பலகை ஒன்று போதும்.

அந்தப் பலகையை ஆணி அடித்து நிறுத்திவிடாதீர்கள். வாசலின் இரண்டு பக்கமும் ஓர் அடி உயரத்துக்கு சி சேனல் (நடுவில் பள்ளம் உள்ள இரும்புச் சட்டம்) வைத்து, பலகையை மேலிருந்து உள்ளே இறக்குங்கள். அன்றாடம் அது உமி வெளியே சிந்தாமல் தடுக்கும். மொத்தமாக வாருகிற நாளில் உருவி எடுத்துவிட்டால் தரையும் வாசலும் ஒரே மட்டம், மண்வெட்டி தடையில்லாமல் வெளியே வரும். சேனலின் அகலம் பலகையின் தடிமனைவிட கால் அங்குலம் அதிகம் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் மரம் ஊறிப் பருக்கும், அப்போது இறுகிக்கொண்டால் சுத்தியலால்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

தரை: நான்கு வழிகள்

மண்தரை. செலவில்லை, சாணம் மெழுகினால் பார்க்கவும் நன்றாக இருக்கும். ஐந்து கோழிக்குச் சரி. பதினைந்து என்றால் தினமும் பெருக்கியே ஆக வேண்டும், பெருக்கப் பெருக்க மண்ணும் சேர்ந்து போய் நடுவில் பள்ளம் விழும். பெருச்சாளி அடியில் துளை போடும். வெடிப்புகளில் உண்ணி குடியேறினால் அதை விரட்டுவது பெரும்பாடு. பகலில் ஒளிந்திருந்து ராத்திரி வந்து ரத்தம் குடிக்கிற ரகம் அது, கோழியின் மேல் தேடினால் கிடைக்காது.

சிமென்ட் போட்டுக் கழுவுவது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதுதான் சுத்தமாகத் தோன்றும், வீட்டு முற்றம் போல. நடைமுறை வேறு. 40 சதுர அடியைக் கழுவ ஒரு தடவைக்கு இரண்டு மூன்று குடம் தண்ணீர் வேண்டும். அந்த எச்சம் கரைந்த தண்ணீர் எங்கே போகும்? வாழைக்குப் போனால் சரி. இறகும் உமியும் சேர்ந்து போனால் குழாய் அடைத்துக்கொள்ளும். சித்திரையில் ஒரு மணி நேரத்தில் காய்கிற தரை ஐப்பசியில் நாள் முழுக்க ஈரமாகவே கிடக்கும். ரத்தக்கழிச்சல் உண்டாக்குகிற கிருமியின் முட்டை எச்சத்தோடு வெளியே வந்தவுடன் தொற்றாது. ஈரமும் காற்றும் வெதுவெதுப்பும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில்தான் தொற்றுகிற நிலைக்கு முதிரும். அரைகுறையாகக் கழுவி ஈரமாக விட்ட தரை அதற்குத் தேவையான எல்லாவற்றையும் கொடுக்கிறது. தினமும் கழுவுகிற கொட்டகையில் குஞ்சு ஏன் சாகிறது என்று குழம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

ஆனால் சிமென்ட் தரையை வேண்டாம் என்று சொல்லவில்லை. கழுவுகிற தரையாக வேண்டாம். உமிக்கு அடித்தளமாக வேண்டும். மூன்று அங்குலக் கனத்துக்கு 1:3:6 கலவை (சிமென்ட் ஒன்று, மணல் மூன்று, ஜல்லி ஆறு பங்கு), மேலே ஒரு பூச்சு, எல்லாம் சேர்த்து ஒன்றரை மூட்டை சிமென்ட் போதும். வாசலை நோக்கி நாலடிக்கு ஓர் அங்குலம் சாய்வு. பெருச்சாளி வராது, மண்வெட்டி வழுக்கிக்கொண்டு போகும்.

ஆழ்கூளம். நாலு அங்குலம் நெல் உமி பரப்பி, எச்சம் விழ விழக் கிளறிவிட்டு, மேலே புதுசு போட்டுக்கொண்டே போய், ஆறேழு மாதத்துக்கு ஒரு முறை மொத்தமாக வாருவது. 40 சதுர அடிக்கு நாலு அங்குலம் என்றால் பதின்மூன்று கன அடி, எடையில் 40 கிலோ உமி. வாரம் இரண்டு முறை கிளற வேண்டும். காலையில் கொஞ்சம் தானியத்தை உமியின் மேல் வீசிவிட்டால் முக்கால்வாசியைக் கோழியே சீய்த்துவிடும்.

இது சரியாக நடக்கிறதா என்று பார்க்க ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துக் கையைத் திறக்க வேண்டும். மெல்ல உதிர்ந்தால் சரி. கொழுக்கட்டை போல நின்றால் ஈரம் அதிகம். கையில் எதுவும் நிற்காமல் புழுதி பறந்தால் ரொம்பக் காய்ந்துவிட்டது, கோழிக்குத் தும்மல் வரும். இன்னொரு சோதனை மூக்கால். நிமிர்ந்து நின்று மோந்தால் தெரியாது. உட்கார்ந்து, கோழியின் தலை இருக்கிற உயரத்தில் மோந்து பார்க்க வேண்டும். காற்றில் அம்மோனியா பத்து லட்சத்துக்கு 25 பங்கைத் தாண்டினால் கோழியின் கண்ணும் மூச்சுக்குழாயும் கெடும். உங்கள் கண் கரிக்கிற அளவுக்கு வந்துவிட்டால் ஏற்கெனவே தாமதம்.

ஆழ்கூளம் கெட்டுப்போனால் காரணம் பெரும்பாலும் எச்சம் இல்லை, தண்ணீர். வாய் அகன்ற சட்டியில் தண்ணீர் வைத்தால் கோழி அதைச் சீய்த்துக் கவிழ்த்துவிடும். அந்த இரண்டடி வட்டம் களியாகி, மேலே காய்ந்து அடை தட்டி, அடியில் புழு வைக்கும். வாளியின் அடியில் நிப்பிள் (கோழி கொத்தினால் மட்டும் தண்ணீர் சொட்டுகிற சிறு முனை) பொருத்தி, கோழி கழுத்தை நிமிர்த்திக் குடிக்கிற உயரத்தில் தொங்கவிட்டால் இந்தத் தொல்லை அடங்கும். பதினைந்து கோழிக்கு இரண்டு நிப்பிள் போதும். அதையும் கொட்டகைக்கு வெளியே, மேய்ச்சல் இடத்தில் தொங்கவிட்டால் இன்னும் நல்லது. கோழி இருட்டில் தண்ணீர் குடிக்காது. அடுத்தது சாரல். கூரை மூன்றடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பெரும்பாலான சாரல் உள்ளே வராது. ஈரமான இடத்தில் சுண்ணாம்பைத் தூவுகிற வழக்கம் உண்டு. சுண்ணாம்பு பட்டதும் எச்சத்தில் இருக்கிற அம்மோனியா ஒரே மூச்சில் கிளம்பும். கோழி உள்ளே இருக்கும்போது அதைச் செய்யவே கூடாது. களியை அள்ளி எறிந்துவிட்டுப் புது உமி போடுவதே நேரான வழி.

உமிக்குப் பதில் எது? தச்சுப்பட்டறை இழைப்புச் சீவல் நல்லது, உமியைவிட ஈரம் இழுக்கும். தேங்காய் நார்க்கழிவு இன்னும் அதிகமாக இழுக்கும், ஆனால் இழுத்ததைச் சீக்கிரம் விடாது. உமியோடு பாதிக்குப் பாதி கலந்தால் நல்லது. கடலைத்தோல் மலிவாகக் கிடைத்தாலும் நனைந்தால் பூஞ்சணம் பிடிக்கும், அதைக் கொத்தித் தின்கிற கோழிக்கு ஈரல் கெடும். மணல் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: பருமணல் காய்ந்த பருவத்தில் அருமையாக இருக்கும், சல்லடைக் கரண்டியால் எச்சத்தை மட்டும் எடுத்துவிடலாம். ஆற்றுமணல் விலைக்கு அது கட்டுப்படியாகாது. எம் சாண்டில் பொடி அதிகம், நனைந்தால் இறுகி அடையாகிவிடும்.

பரண். தரையிலிருந்து மூன்று நாலடி உயரத்தில் சட்டம் அடித்து, இடைவெளி வழியாக எச்சம் கீழே விழ விடுவது, ஆட்டுக்குப் போடுகிற மாதிரி. தண்ணீர் தேங்குகிற இடம், கடலோரம், ஏரிக்குக் கீழே இருக்கிற வீடு என்றால் இதைத் தவிர வேறு யோசிக்க வேண்டாம். சட்டத்தின் மேல்முகம் ஓர் அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம், இடைவெளி முக்கால் அங்குலம் முதல் ஓர் அங்குலம். மேல்முகம் அகலமானால் எச்சம் கீழே விழாமல் மேலேயே தங்கும், பரண் போட்டதற்கே அர்த்தம் இல்லாமல் போகும். மூங்கில் பட்டை மலிவு, ஆனால் கணுவில் அழுக்குத் தங்கும். ஆட்டுப் பரணுக்கு விற்கிற பிளாஸ்டிக் தளம் விலை கூடுதல்; கழற்றிக் கழுவி மாட்டலாம். வெறும் வெல்ட் மெஷ்ஷைத் தரையாகப் போட்டால் கம்பி உறுத்தி உள்ளங்காலில் கட்டி வரும். ஒன்றரை மாதத்துக்கு உட்பட்ட குஞ்சை எந்தப் பரணிலும் நேராக விடக் கூடாது, கால் மாட்டிக்கொள்ளும்.

பரணில் மேலே வேலை குறைவு. கீழே இருக்கிற வேலையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அங்கே குவிகிற எச்சம் வெயில் காலத்தில் கூம்பு கூம்பாகக் காயும், மழையில் கூழாகும். வெப்பமான நாளில் ஈயின் முட்டை பறக்கிற ஈயாவதற்குச் சுமார் ஏழு முதல் பத்து நாள்தான் ஆகும். அதனால் ஆறு நாளைக்குள் ஒரு முறை அடியை வாரியே தீர வேண்டும். அதற்கு மண்வெட்டியோடு ஆள் குனிந்து போக இடம் வேண்டும் என்பதால்தான் உயரம் மூன்றடிக்குக் குறையக் கூடாது என்கிறோம். இரண்டடியில் பரண் போட்டுவிட்டு நீளக் குச்சியில் பலகை கட்டித் தள்ளிக்கொண்டிருப்பது வேண்டாத வேலை. அடியைச் சுற்றி அரை அங்குல வலை அடைத்து அதற்கும் ஒரு கதவு போடவில்லை என்றால் பாம்பும் கீரியும் அங்கே நிழலுக்கு வந்துவிடும்.

எதை எடுப்பது?

மேடான இடம், பதினைந்து கோழி, வீட்டில் ஒரு ஆள் காலையில் பத்து நிமிடம் ஒதுக்க முடியும் என்றால் நிமிர்ந்து நிற்கிற கொட்டகை, சிமென்ட் அடித்தளம், மேலே ஆழ்கூளம், கம்புக்கு அடியில் எச்சப் பலகை. தண்ணீர் தேங்குகிற இடத்தில் பரண். அடிக்கடி வெளியூர் போகிறவர்களுக்கும் ஆழ்கூளமே பொருந்தும். நாலு நாள் தொடாவிட்டாலும் அது பொறுத்துக்கொள்ளும். பரண் ஆறு நாளுக்கு மேல் பொறுக்காது, கழுவுகிற தரை இரண்டு நாள்கூடப் பொறுக்காது.

எச்சப் பலகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏற்கெனவே கட்டிய கொட்டகையிலும் இதைச் சேர்க்கலாம். ஒரு கோழி கம்பில் உட்கார ஒன்பது அங்குலம். பதினைந்துக்குப் பதினொன்றேகால் அடி; ஆக ஆறடிக் கம்பு இரண்டு. பின்சுவரிலிருந்து ஓரடி தள்ளி முதல் கம்பு, அங்கிருந்து ஒன்றேகால் அடியில் இரண்டாவது. இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்று உயரமாக இருந்தால் எல்லாக் கோழியும் அதற்கே சண்டை போடும். கம்பைச் சட்டத்தில் ஆணி அடிக்காமல் யு வடிவக் கொக்கியில் சும்மா உட்கார வையுங்கள். செள்ளு முக்கியமாக ஒளிகிற இடம் கம்பின் இரண்டு முனைகள். மாதம் ஒரு முறை எடுத்து முனையில் கொதிக்கிற தண்ணீர் ஊற்றிக் காயவைத்தால் போதும்.

கம்புக்கு ஆறு அங்குலம் கீழே, தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில், ஆறடிக்கு மூன்றடிப் பலகை. வெறும் ஒட்டுப்பலகை ஒரே மழைக்காலத்தில் உப்பிவிடும். மேலே தட்டையான ஜிஐ தகடு அல்லது கல்யாண வீட்டு ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்றை இழுத்துக் கட்டுங்கள். அச்சடித்த பக்கம் கீழே போகட்டும், சுரண்டச் சுரண்ட மை உரியும். இனி முக்கியமான வெட்டு: பலகை இருக்கிற மட்டத்தில் பின்சுவரில் ஆறடி நீளம், ஒன்பது அங்குல உயரத்துக்கு ஒரு மடக்குக் கதவு. கீல் கீழ்ப்பக்கம், தாழ்ப்பாள் மேல்பக்கம் இரண்டு. ஒரே தாழ்ப்பாள் வைத்தால் மரநாய் ஓரத்தை நெம்பிப் பார்க்கும். காலையில் கொட்டகையின் பின்னால் வெளியே நின்று, இந்தக் கதவைக் கீழே மடக்கி, கீழே அன்னக்கூடையை வைத்து, நீளப்பிடிச் சுரண்டியால் உங்களை நோக்கி இழுத்தால் மூன்று நிமிடத்தில் முடியும். உள்ளே போகவே வேண்டாம். சுரண்டியபின் ஒரு கை அடுப்புச் சாம்பலோ காய்ந்த உமியோ தூவிவிட்டால் அடுத்த நாள் ஒட்டாமல் வரும். சாம்பல் போட்டால் தினமும் சுரண்ட வேண்டும். இரண்டு நாள் விட்டால் அதுவும் சுண்ணாம்பு போல நெடியைக் கிளப்பும்.

முட்டைப் பெட்டிக்கும் வெளியிலிருந்தே வழி வையுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஓரடி இருக்கும்படி நாலைந்து பெட்டைக்கு ஒரு பெட்டி, சாய்வான மூடி. மூடியின் கீல் ஓரத்தில் ஒழுகாமல் இருக்க பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டி இரண்டு பக்கமும் சேர்த்து அடித்துவிட்டால் போதும். பெட்டி, கம்பைவிடத் தாழ்வாக இருக்கட்டும். உயரமாக இருந்தால் கோழி அதிலேயே அடைந்து ராத்திரி எச்சத்தையும் அங்கேயே போடும்.

சிலர் பலகைக்குப் பதில் மேசை டிராயர் போல இழுக்கிற தட்டு வைப்பார்கள். தாழ்வான சிறு கூண்டுக்கு அது வசதிதான். மரத்தில் காடி எடுத்து அதில் ஓடவிட்டால் உமியும் இறகும் புகுந்து ஒரு மாதத்தில் நகராது. எல் ஆங்கிள் (எல் வடிவ இரும்புச் சட்டம்) மேல் தட்டு சும்மா உட்காரட்டும், பக்கத்துக்கு அரை அங்குலம் இடம் விட்டு.

வெளியில் இருக்கிற மேய்ச்சல் இடம்

இங்கே தேர்வு அதிகம் இல்லை. பத்துப் பதினைந்து கோழி சீய்க்கிற 150 சதுர அடியில் புல் நிற்காது. வெறும் மண்ணாக விட்டால் வடகிழக்குப் பருவமழையில் சேறுதான். சுற்றி ஓரடி அகலத்தில் ஆறு அங்குல ஆழ வாய்க்கால் வெட்டி, அந்த மண்ணை உள்ளே போட்டு மேடாக்கி, மேலே அரையடிக்குக் காய்ந்த சருகு கொட்டினால் சேறும் இல்லை, கூட்டுகிற வேலையும் இல்லை. கோழி கிளறிக் கிளறி அதுவே மக்கும். வாசலுக்கு எதிரே முதல் நாலடிக்கு மட்டும் செங்கல் பரப்பி விடுங்கள், அதிகம் மிதிபடுவது அந்த இடம்தான்.

இடம் இருந்தால் நடுவில் வலை அடித்து இரண்டாகப் பிரித்து, மாதம் ஒரு பக்கமாக மாற்றி விடலாம். வெயில் பட்ட மண்ணில் கிருமி குறையும். நிழலிலும் ஈரத்திலும் கிடக்கிற மண்ணில் ரத்தக்கழிச்சல் கிருமி மாதக்கணக்கில் பிழைத்திருக்கும் என்பதால் மரத்தடிப் பாதியை எவ்வளவு நாள் ஓய்வு விட்டாலும் பெரிய லாபம் கிடைக்காது.

வலையில் கீழ் மூன்றடிக்கு அரை அங்குல வெல்ட் மெஷ், மேலே ஓர் அங்குலம். அறுகோணக் கண்ணுள்ள கோழிவலையை நாய் ஒரே கடியில் பிரித்துவிடும். வலையின் அடியை மண்ணில் புதைப்பதைவிட வெளிப்பக்கம் ஒன்றரை அடி தரையோடு மடக்கி மேலே கல் வைப்பது சுலபம்; தோண்ட வருகிற மிருகம் வலையின் ஓரத்தில்தான் தொடங்கும், ஒன்றரை அடி தள்ளித் தொடங்க அதற்குத் தோன்றாது.

வாருகிற எச்சத்தைக் கொண்டுபோய் நேராக மிளகாய்ச் செடிக்குப் போட்டால் இலை ஓரம் கருகும். ஒரு கூடை எச்சத்துக்கு மூன்று கூடை சருகு என்று கலந்து, புரட்டிப் போட்டு, இரண்டு மூன்று மாதம் மக்க விட வேண்டும். குழி கொட்டகையின் பின்பக்கம், மடக்குக் கதவிலிருந்து பத்தடி தூரத்தில் இருக்கட்டும். ஒட்டி வைத்தால் ஈ திரும்பி வரும். தோட்டத்தின் கடைசியில் வைத்தால் நிறைந்த கூடை அங்கே போகாமல் கதவடியிலேயே நாலு நாள் உட்கார்ந்திருக்கும்.